நைல் கப்பலில் சாயங்காலத்தையும் ராத்திரியையும் கழிப்பது எப்படி

லக்சருக்கும் அஸ்வானுக்கும் நடுவே ஓடும் சுற்றுலாக் கப்பல்கள் சின்னவை. பெரும்பாலும் அறுபது, எழுபது அறைகள்தான். கீழே சாப்பாட்டுக்கூடம், நடுவில் ரிசப்ஷன், அதற்கு மேல் ஒரு லவுஞ்ச், உச்சியில் குட்டி நீச்சல் குளத்தோடு சன் டெக். மூன்று நான்கு ராத்திரிக்கான பொழுதுபோக்கெல்லாம் இந்த இடத்துக்குள்தான். ஊரிலிருந்து ஆட்களைச் சேர்த்து எகிப்துக்கு அழைத்துப்போவது என் தொழில். எந்தக் கப்பலில் ஏறினாலும் நிகழ்ச்சிகள் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. எங்கே உட்காருகிறோம், எந்த ராத்திரி விழித்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தே நன்றாகவோ சுமாராகவோ அமைகிறது.

முதலில், லவுஞ்சை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் ஓடும் நேரம் முழுக்க சன் டெக்கில் இருங்கள். நாலு மணிவாக்கில் அங்கேயே டீயும் கேக்கும் வைப்பார்கள். லக்சரிலிருந்து அஸ்வானுக்குப் போனால் கப்பல் தெற்கே போகிறது, அதனால் சூரியன் வலது பக்கம் மறையும். திரும்பி வருகிற பயணமென்றால் இடது பக்கம். டீக்குக் கொஞ்சம் முன்னாலேயே போய் அந்தப் பக்கத்து நாற்காலியைப் பிடித்துவிடுங்கள். பேரீச்சை மரமும் கரும்பும் எருமையுமாகக் கரை நகர்ந்துகொண்டே இருக்கும். கொம் ஓம்போ கோயில் வரும்போது மட்டும் எதிர்ப் பக்கம் மாறுங்கள். அந்த இரட்டைக் கோயில் கிழக்குக் கரையில், ஆற்றை ஒட்டியே நிற்கிறது. டிசம்பர், ஜனவரியில் வெயில் இறங்கியதும் காற்று குளிரும். ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள்.

கரையில் நிற்கும்போது கதை வேறு. கப்பல்களை ஒன்றோடு ஒன்று ஒட்டி நிறுத்துவார்கள். உங்கள் லவுஞ்ச் ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கப்பலின் லவுஞ்ச்தான் தெரியும். அப்போது ஜன்னலோரத்துக்கு அடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

வழியில் எஸ்னா என்ற ஊரில் தடுப்பணையின் லாக் இருக்கிறது, நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிக் கப்பலைக் கடக்கவிடும் அடைப்பு அது. முறை வரும்வரை கப்பல்கள் காத்திருக்கும். அந்த நேரத்தில் தயவுசெய்து அறைக்குள் போய்விடாதீர்கள். சின்னப் படகுகளில் வியாபாரிகள் வந்து, கப்பலில் கயிற்றைக் கட்டிக்கொண்டு கூடவே வருவார்கள். கலபியா அங்கி, மேஜை விரிப்பு, துண்டு எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் சுருட்டி, கீழேயிருந்து சன் டெக்குக்கே எறிவார்கள். அவ்வளவு உயரத்துக்கு எப்படிக் குறி தப்பாமல் எறிகிறார்கள் என்று ஒவ்வொரு முறையும் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். பிடித்துப் பிரித்துப் பாருங்கள், மேலேயிருந்தே பேரம் பேசுங்கள். விலை படிந்தால் பணத்தைப் பையில் வைத்துக் கீழே போடுங்கள். வேண்டாமென்றால் பையை அவர் படகுக்குள் விழுகிற மாதிரி திருப்பி எறியுங்கள், தண்ணீரில் விழுந்தால் அது அவருக்கு நஷ்டம்.

இங்கே வாங்குகிற அங்கி, கப்பலில் நடக்கும் ‘கலபியா பார்ட்டி’க்கு உதவும். ஒரு ராத்திரி எல்லோரும் அந்த நீள அங்கியில் லவுஞ்சுக்கு வரவேண்டும், விளையாட்டும் ஆட்டமும் நடக்கும். கப்பல் கடையிலும் கலபியா கிடைக்கும். புடவையில் போனாலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. நம் அம்மாக்கள் பலர் அப்படித்தான் வருகிறார்கள், பார்க்கவும் அழகாக இருக்கும்.

பெல்லி டான்ஸும் தனூராவும் பெரும்பாலும் ஒரே ராத்திரி வரும். பெல்லி டான்ஸ் ஆடுகிறவர் முன்வரிசையில் இருப்பவர்களைக் கைபிடித்து இழுத்து ஆடவைப்பார். கூச்சப்படுகிறவர்கள் இரண்டாம் வரிசைக்குப் போய்விடுங்கள். பெரியவர்களை ஸ்பீக்கரிலிருந்து தள்ளி உட்காரவையுங்கள், சின்ன இடத்தில் சத்தம் காதைப் பிளக்கும். சில கப்பல்களில் லவுஞ்சிலேயே புகை பிடிப்பார்கள். ஒத்துக்கொள்ளாதவர்கள் கதவுப் பக்கம் இருப்பது நல்லது.

பெல்லி டான்ஸை விட்டாலும் விடுங்கள், தனூராவை விடாதீர்கள். சூஃபிகளின் சுழலாட்டத்திலிருந்து வந்தது அது. கனமான, பல நிறப் பாவாடைகளை அடுக்கிக் கட்டிக்கொண்டு ஒருவர் நின்ற இடத்திலேயே சுற்றத் தொடங்குவார். வேகம் ஏற ஏறப் பாவாடை விரிந்து தட்டையாக நிற்கும். சுற்றிக்கொண்டே மேல் பாவாடையின் முடிச்சை அவிழ்த்து, தலைக்கு மேல் தூக்கி, கையில் அதைத் தனியாகச் சுழற்றுவார். கீழே இன்னொன்று அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். கால் ஒரு தடவைகூட நிற்காது. இதற்கு மட்டும் ஆடுதளத்தை ஒட்டி உட்காருங்கள். பாவாடைக் காற்று முகத்தில் அடிக்கும்.

அஸ்வானில் நூபிய இசைக்குழு வரும். நூபியர்கள் எகிப்தின் தென்பகுதி மக்கள். தார் என்கிற பெரிய கைப்பறையைத் தட்டிப் பாடுவார்கள், எல்லோரையும் வட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள். இங்கே கூச்சமே வேண்டாம், தாளம் சுலபமாகப் பிடிபடும். ஆனால் மறுநாள் அபு சிம்பல் கோயில்களைப் பார்க்கப் போகிறவர்கள் யோசிக்க வேண்டும். அது 280 கிலோமீட்டர் தூரம், விடியற்காலை நாலு மணிக்கே கிளம்பச் சொல்வார்கள். நிகழ்ச்சி தொடங்கவே ஒன்பதைத் தாண்டிவிடும். அபு சிம்பல் எந்த நாள் என்பதைக் கப்பலில் ஏறிய அன்றே வழிகாட்டியிடம் கேட்டுவிடுங்கள்.

ஏறும்போது கொடுக்கும் கரகடே என்கிற சிவந்த செம்பருத்திப் பானத்துக்குக் காசில்லை. அப்புறம் லவுஞ்சில் குடிப்பது பெரும்பாலும் கணக்கில் ஏறும், சாப்பாட்டு மேஜையில் வைக்கும் தண்ணீர் பாட்டில்கூட. கையெழுத்துப் போட்ட பில்லின் நகலை வாங்கி வைத்துக்கொண்டு கடைசி ராத்திரியே சரிபாருங்கள். இறங்குகிற காலையில் ரிசப்ஷனில் கூட்டம் நெரியும்.

இந்தச் சத்தமெல்லாம் வேண்டாம் என்கிறவர்கள் தஹபியா எடுக்கலாம். பத்து அறைக்குள் அடங்கும் பாய்மரப் படகு அது. லவுஞ்ச் நிகழ்ச்சி கிடையாது. சாப்பிட்ட பிறகு மனமிருந்தால் படகுக்காரர்களே பறை எடுத்துப் பாடுவார்கள். செலவு கூடுதல், நாளும் அதிகம் பிடிக்கும். பெரும்பாலும் எஸ்னாவில்தான் ஏற்றுவார்கள். லக்சரிலிருந்து அங்கே போகிற கார் கட்டணத்தில் சேர்ந்திருக்கிறதா என்று பணம் கட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.