ரிஃப்பிலிருந்து ரெக்கார்டிங் வரை: ராக் பேண்டின் புதுப் பாட்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒத்திகை அறையில் உருப்படாத பாட்டை எந்த ஸ்டுடியோவாலும் காப்பாற்ற முடியாது. அதனால் பாதி வேலை மைக்கைத் தொடுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

1. ரிஃப்பைப் பிடியுங்கள்

ரிஃப் என்பது பாட்டில் திரும்பத் திரும்ப வரும் சின்ன இசைத் துண்டு. ஒருவர் கிதாரில் நாலு நோட்டை உருட்டும்போது மற்றவர்கள் தன்னையறியாமல் தலையாட்டினால், பாட்டு கிடைத்துவிட்டது. உடனே போனில் பதிவு செய்யுங்கள். கோப்புக்கு "ஈ மைனர், 132" என்று ஸ்கேலையும் டெம்போவையும் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற வேகம்) பெயராக வையுங்கள். "புதுசு 7" என்று வைத்தால் பிறகு தேடிக்கொண்டே இருப்பீர்கள்.

2. பாட்டைக் கட்டுங்கள்

கதையை நகர்த்தும் வெர்ஸ், எல்லோரும் சேர்ந்து கத்தும் கோரஸ், ஒரே ஒருமுறை வந்து திசைதிருப்பும் பிரிட்ஜ். இவ்வளவுதான் எலும்புக்கூடு. எல்லோரும் ஆரம்பம் முதல் கடைசி வரை வாசித்துத் தள்ளினால் கோரஸ் எழும்பாது. வெர்ஸில் ஒரு கிதாரை நிறுத்திப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். காலால் அடிக்கும் கிக் டிரம் விழும் இடத்தில் பேஸ் கிதாரும் விழுகிறதா என்று டிரம்மர், பேஸிஸ்ட் இருவரை மட்டும் தனியாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

வரிகளுக்கு முன் "லா லா" என்றே மெட்டைப் பாடிப் பழகுங்கள். இழுத்துப் பாட வேண்டிய உச்ச ஸ்வரத்தில் 'ஆ' போன்ற நெடில் விழட்டும். அங்கே 'இ' வந்தால் பாடகரின் தொண்டை இறுகும்.

3. டிரம்ஸ்

டெம்போவை முடிவு செய்து, கிளிக்கோடு (தாளத்தைத் தட்டிக்காட்டும் சத்தம்) ஒரு கிதாரையும் குரலையும் சும்மா வழிகாட்டியாகப் பதிவு செய்யுங்கள். டிரம்மர் அதை ஹெட்ஃபோனில் கேட்டு வாசிப்பார்.

கிக்குக்கு ஒன்று, ஸ்னேருக்கு (பட்டென்று கூர்மையாக ஒலிக்கும் டிரம்) ஒன்று, தலைக்கு மேலே இரண்டு என நாலு மைக் போதும். மேலே உள்ள இரண்டும் ஸ்னேரின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு கயிற்றை வைத்து அளந்துவிடுங்கள். தூரம் மாறினால் ஒலி இரண்டு மைக்கையும் வெவ்வேறு நேரத்தில் எட்டும், ஸ்னேர் சப்பென்று ஆகிவிடும். லெவல் உச்சத்தில் மைனஸ் 10 டெசிபலைச் சுற்றி நிற்கட்டும். சிவப்பைத் தொட்டு உடைந்த ஒலியை அப்புறம் சரி செய்ய முடியாது.

4. பேஸ், கிதார்

பேஸ் நேரடியாக இன்டர்ஃபேஸில் (ஒலியைக் கணினிக்குள் அனுப்பும் பெட்டி) போகலாம். கிதார் ஆம்புக்கு ஷூர் எஸ்எம்57 மாதிரி டைனமிக் மைக்கை ஸ்பீக்கர் வலையிலிருந்து ஓரிரு அங்குலத்தில் வையுங்கள். கோனின் நடுவை நோக்கினால் ஒலி கூர்மையாகும், விளிம்புக்கு நகர்த்த நகர்த்த மந்தமாகும். மேடையில் வைப்பதைவிட டிஸ்டார்ஷனை (கிதாரின் கரகரப்பு) குறையுங்கள். இதைச் சொன்னால் எந்தக் கிதாரிஸ்டும் நம்ப மாட்டார்!

அதே பகுதியை இன்னொரு தடவை வாசித்து, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் தள்ளுங்கள். காப்பி-பேஸ்ட் உதவாது. இரண்டும் அச்சு அசலாக இருந்தால் சத்தம்தான் கூடும், அகலம் வராது.

5. குரல்

பாப் ஃபில்டர் ('ப' போன்ற எழுத்துகளின் காற்று மைக்கில் மோதாமல் தடுக்கும் வலை), மைக்கிலிருந்து ஒரு சாண் தூரம், மூன்று நான்கு டேக். நல்ல வரிகளைப் பொறுக்கிக் கோர்த்துவிடலாம்.

6. மிக்ஸிங்

பதிவு செய்த எல்லாவற்றையும் சமன்செய்து ஒன்றாக்கும் வேலை இது. பதிவு முடிந்த அன்றே உட்காராதீர்கள், காது களைத்திருக்கும். கிதாரில் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் பேஸுக்கு இடம் கிடைக்கும். போன் ஸ்பீக்கரிலும் கேட்டுப் பாருங்கள். மாஸ்டரிங்குக்கு (வெளியிடும் முன் போடும் கடைசி மெருகு) அனுப்பும்போது, எல்லா ஒலியும் வந்து சேரும் மாஸ்டர் சேனலில் சத்தத்துக்காகப் போட்ட லிமிட்டரை (உச்சங்களை அடக்கும் கருவி) எடுத்துவிட்டு, 24 பிட் வேவ் கோப்பாகக் கொடுங்கள்.