மாநாட்டு நிகழ்ச்சி நிரலுக்குப் பதில் சொல்லும் சாட்பொட்: நேரக் கணக்கை அட்டவணையிடம் விடுங்கள்

கொழும்பு 7இல், பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் இரண்டு நாள் மாநாடு. ஒரே நேரத்தில் மூன்று அறைகளில் அமர்வுகள், மொத்தம் அறுபது வரி நிரல் என்று வைத்துக்கொள்வோம். பலர் எடுத்தவுடன் நிரலின் பீ.டீ.எஃப் கோப்பைத் துண்டு துண்டாக்கி, பொருள் நெருக்கத்தை வைத்துத் தேடும் ‘வெக்டர் தேடலில்’ போட்டுவிடுகிறார்கள். அது வேண்டாத வேலை. “ரெண்டு மணிக்குப் பிறகு என்ன இருக்கு?” என்பது கணக்குக் கேள்வி. வெக்டர் தேடலுக்கு 1.30உம் 2.30உம் கிட்டத்தட்ட ஒன்றுதான். முடிந்துபோன அமர்வைக் கூசாமல் எடுத்துத் தரும். மொழி மாதிரிக்கு (சாட்ஜீபீடீ போன்றவற்றை இயக்கும் ஏஐக்கு) கேள்வியைப் புரிந்துகொள்ளும் வேலை மட்டும் போதும். விடையை அட்டவணையிலிருந்து நீங்கள் எழுதும் கணினி நிரல் எடுக்கட்டும்.

ஆகவே பாதி வேலை அட்டவணையில்தான். கூகுள் ஷீட்டில் ஒன்பது நெடுவரிசை வையுங்கள்: அமர்வு எண், நாள், தொடக்கம், முடிவு, அறை, தலைப்பு, பேச்சாளர், மொழி, நிலை. நேர நெடுவரிசைகளை, எதையும் அடிக்கும் முன்பே, ‘வெறும் எழுத்து’ வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். நம் ஊரில் 10.30 என்று புள்ளி வைத்துத்தான் எழுதுவோம். ஷீட் அதைத் தசம எண்ணாக எடுத்து 10.3 ஆக்கிவிடும். 24 மணி முறையில் 09:00, 14:30 என்று எழுதுங்கள். முன்னால் உள்ள பூச்சியம் அலங்காரத்துக்கல்ல: எழுத்தாக ஒப்பிடும்போது 9:00 என்பது 10:00ஐவிடப் பெரியது, காலை அமர்வு பட்டியலின் அடியில் போய் விழும்.

ஏற்பாட்டாளர் அனுப்பும் தமிழ்க் கோப்பு, யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் இருக்கவும் நல்ல வாய்ப்புண்டு. திரையில் தமிழாகத் தெரியும்; ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பை. யூனிகோட்டுக்கு மாற்றி, பேச்சாளர் பெயர்களை மட்டுமாவது ஒருவர் கண்ணால் சரிபார்க்க வேண்டும்.

யூனிகோட்டிலும் ஒரே சொல் இரண்டு விதமாக வரும். ‘பொ’வின் கொம்பும் காலும் ஒரே குறியீடாகவும் இருக்கலாம், இரண்டாகவும் இருக்கலாம். பைத்தனின் யூனிகோட் மொடியூலில் என்.எஃப்.சி வடிவத்துக்கு (இரண்டையும் ஒரே குறியீடாகச் சேர்க்கும் வடிவம்) மாற்றினால் அது தீரும். ஆனால் ‘பௌதிகம்’ என்பதைக் கொம்பு போட்டு ‘ள’ அடித்து எழுதுபவர்கள் பலர், என்.எஃப்.சி அதைத் தொடாது. அவற்றையெல்லாம் ‘ௌ’ ஆக்குவோம் என்று கிளம்பினால் வெள்ளவத்தை சிதைந்துபோகும். திசையை மாற்றுங்கள்: தேடலுக்கென்று தனி நெடுவரிசை வைத்து, அதில் ‘ௌ’ வரும் இடமெல்லாம் கொம்பும் ‘ள’வுமாகப் பிரித்துவிடுங்கள். வரும் கேள்விக்கும் அதையே செய்யுங்கள். திரையில் காட்டும் நெடுவரிசையில் கை வைக்கவே வேண்டாம்.

எல்லோர் கையிலும் இருப்பது வாட்ஸ்அப்தான். ஆனால் அதன் வணிகச் சேவையில் பதிவு, எண், அனுமதி என்று நாட்கள் ஓடும். முதல் பொட்டை டெலிகிராமில் செய்யுங்கள். பொட்களைப் பதிவுசெய்யும் டெலிகிராமின் பொட்ஃபாதரிடம் டோக்கன் (பொட்டுக்கான இரகசியச் சாவி) வாங்க ஐந்து நிமிடம் போதும். அட்டவணையை எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தளத்தில் ஏற்றி, ஐந்து நிமிடத்துக்கொரு முறை ஷீட்டிலிருந்து புதுப்பியுங்கள். புதிதாக வந்ததில் முடிவு நேரம் தொடக்கத்துக்கு முந்தியிருந்தாலோ, அறை காலியாக இருந்தாலோ பழையதையே வைத்துக்கொண்டு உங்களுக்கு எச்சரிக்கை அனுப்பட்டும்.

இனிக் கேள்வி. ஒருவர் “பின்னேரம் தமிழ் அமர்வு எந்த ஹோல்ல?” என்று கேட்கிறார். மாதிரியிடமிருந்து எதிர்பார்ப்பது வாக்கியமல்ல, நிரப்பிய படிவம்:

நாள்: இன்று
இருந்து: 15:00
வரை: 18:30
மொழி: தமிழ்
கேட்பது: அறை

‘பின்னேரம்’, ‘மத்தியானம்’, ‘நாளைக்கு’, ‘ஆர் கதைக்கிறது’, ‘தேத்தண்ணி’ போன்ற சொற்களுக்கு என்ன பொருள் என்று மாதிரிக்குக் கொடுக்கும் கட்டளையிலேயே எழுதிக் கொடுங்கள். மாதிரி ஊகிக்கும் என்று நம்பியிருக்கக் கூடாது. அறைகளுக்கு மாற்றுப்பெயர்ப் பட்டியல் தனியாக வேண்டும்: ‘கமிட்டி அறை பி’யை ‘கொமிட்டி றூம் பி’, ‘பி ரூம்’ என்றெல்லாம் அடிப்பார்கள். ஆங்கில எழுத்தில் தமிழ் அடிப்பவர்களுக்கும், சிங்களத்தில் கேட்பவர்களுக்கும் பத்துப் பத்து எடுத்துக்காட்டுக் கேள்விகளையாவது அந்தக் கட்டளையில் சேருங்கள். மாதிரியின் டெம்பரேச்சர் (பதில் எவ்வளவு மாறலாம் என்ற அமைப்பு) 0. படிவம் பிழையாக வந்தால் ஒருமுறை மட்டும் திருப்பிக் கேளுங்கள், பிறகு அமர்வைத் தெரிவுசெய்யும் பொத்தான்களைக் காட்டுங்கள்.

அந்தப் பொத்தான்களில் ஒரு பொறி உண்டு. பொத்தானோடு திரும்பி வரும் தகவலுக்கு டெலிகிராம் தருவது 64 பைட்தான். தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 3 பைட். ‘மி’ என்பதே இரண்டு குறியீடு, 6 பைட். தலைப்பை அதற்குள் திணிக்காமல் அமர்வு எண்ணை மட்டும் வையுங்கள்.

“இப்ப என்ன நடக்குது?” என்பதற்கு விதி: தொடக்கம் இப்போதைய நேரத்துக்குச் சமம் அல்லது முந்தியது, முடிவு அதற்குப் பிந்தியது. முடிவுப் பக்கத்திலும் ‘சமம்’ போட்டால் சரியாக 11:00க்கு முடிந்த அமர்வும் தொடங்கும் அமர்வும் ஒரே அறையில் சேர்ந்து நிற்கும். கிளவுட் சேர்வர்கள் பெரும்பாலும் யூ.டீ.சி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. இலங்கையில் நாம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால். காலை 10 மணிக்குக் கேட்டால் பொட்டுக்கு அது விடிகாலை 4.30. பைத்தனின் நேர வலய மொடியூலான சோன்இன்ஃபோவில் ‘ஏசியா/கொலம்போ’ வலயத்தை வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். விண்டோஸ் கணினியில் அதற்கு டீ.இசட் டேட்டா பொதியும் நிறுவ வேண்டியிருக்கும்.

பதிலை அட்டவணை வரியிலிருந்து நேராக அச்சிடுங்கள்: நேரம், அறை, தலைப்பு, பேச்சாளர். அழகான வாக்கியமாக்கச் சொல்லி மாதிரியிடம் திரும்ப அனுப்பினால், என்றாவது 14:30ஐ 4.30 ஆக்கிவிடும். அடியில் ‘காலை 10.15 நிலவரப்படி’ என்று சேருங்கள். ரத்தான அமர்வின் வரியை அழிக்காமல் நிலையை மட்டும் மாற்றுங்கள். அழித்தால் “அப்படியொரு அமர்வு இல்லை” என்ற பதில் வரும், கேட்டவர் தன் காகிதத்தைக் காட்டிச் சண்டைக்கு வருவார்.

வாகனத் தரிப்பிடம், மலசலகூடம், மரக்கறிச் சாப்பாடு பற்றியும் கட்டாயம் கேட்பார்கள். அவற்றுக்கு இருபது வரியில் ஒரு தனிப் பட்டியல் போதும். அதிலும் இல்லாததற்குத் தகவல் மேசை இருக்கும் இடத்தைச் சொல்லட்டும்.

முதல் நாள் காலை பொட் விட்டு விட்டுப் பதில் சொன்னால் பிழைப் பதிவில் 409 இருக்கிறதா பாருங்கள். இருந்தால், சோதனைப் பிரதி யாரோ ஒருவரின் மடிக்கணினியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரே டோக்கனில் இரண்டு பிரதிகள் செய்திகளை இழுக்க முடியாது. அதை நிறுத்திவிட்டு, முதல் தேநீர் இடைவேளையில் பதில் கிடைக்காத கேள்விகளை வரிசையாகப் படித்து, புதிய மாற்றுப்பெயர்களைப் பட்டியலில் ஏற்றுங்கள்.