ரேஸ் தொடர் மாறும் ஓட்டுநர்கள் சறுக்கும் இடங்கள்

1993-இல் இரண்டு பெரிய ஓட்டுநர்கள் ஏறக்குறைய இடம் மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்க ரேஸ் தொடரான இண்டிகாரின் 1991 சாம்பியன் மைக்கேல் ஆண்ட்ரெட்டி ஃபார்முலா ஒன்னில் மெக்லாரனுக்குப் போனார். ஃபார்முலா ஒன்னின் 1992 சாம்பியன் நைஜல் மான்செல், ஆண்ட்ரெட்டி காலி செய்த நியூமன்-ஹாஸ் இருக்கையில் வந்து உட்கார்ந்தார். மான்செல் முதல் பந்தயத்தையே ஜெயித்து அந்த ஆண்டின் பட்டத்தையும் எடுத்துக்கொண்டார். ஆண்ட்ரெட்டி 13 பந்தயங்களில் 7 புள்ளிகளோடு, சீசன் முடியுமுன்பே கிளம்பிவிட்டார். அதே காரில் அயர்ட்டன் சென்னா அந்த ஆண்டு எடுத்தது 73.

ஆண்ட்ரெட்டிக்குத் திறமை போதவில்லை என்று சொல்லிவிட முடியாது. 1994-இல் இண்டிகாருக்குத் திரும்பிய முதல் பந்தயத்திலேயே அவர் வென்றார். கோளாறு வேறு இடங்களில் இருந்தது. அவருக்குப் பின் தொடர் மாறியவர்களில் பலரும் அதே இடங்களில்தான் தடுக்கி விழுந்திருக்கிறார்கள்.

ஓட்டக் கிடைக்கும் தூரத்தைக் கணக்குப் போடாதது

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். மெக்லாரன் அணி இருந்தது இங்கிலாந்தின் வோக்கிங்கில், ஆண்ட்ரெட்டி வீடு இருந்தது பென்சில்வேனியாவில். பந்தயத்துக்கு வருவதும் முடிந்ததும் அட்லாண்டிக் தாண்டித் திரும்புவதுமாக ஆண்டு ஓடியது. போதாக்குறைக்கு அந்த வருஷம்தான் ஒரு பயிற்சி அமர்வுக்கு 23 சுற்று என்று உச்சவரம்பு வந்தது. தடமும் புதிது, தானாகச் சரிசெய்துகொள்ளும் சஸ்பென்ஷன் உள்ள காரும் புதிது என்றிருப்பவருக்கு 23 சுற்று எந்த மூலைக்கு?

பந்தயத்திலும் தூரம் சேரவில்லை. தென்னாப்பிரிக்காவின் கயலாமியில் கார் கிளம்பும் வரிசையிலேயே (கிரிட்) நின்றுபோனது. தாமதமாகக் கிளம்பி நான்காம் சுற்றில் மோதினார். பிரேசிலிலும் இங்கிலாந்தின் டொனிங்டனிலும் முதல் சுற்றையே முடிக்கவில்லை. ஆக, மூன்று பந்தயங்கள் போயும் அவர் ஓட்டியது ஐந்து சுற்றுகூட இல்லை.

ஒப்பந்தத்தில் சம்பளத்துக்கு முன்னால் பேச வேண்டியது டெஸ்டிங் நாள்கள். இப்போது ஃபார்முலா ஒன்னில் நடப்பு காரை நினைத்தபடி ஓட்டிப் பழக விதி இடம் தராது. ஆகவே பழைய காரில் எத்தனை நாள், சிமுலேட்டரில் எத்தனை நாள் என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். முதல் ஆண்டு அணி இருக்கும் ஊரிலேயே குடியிருப்பது நல்லது. பந்தயத்துக்கு மறுநாள் பொறியாளர் பக்கத்தில் உட்கார்ந்து டேட்டா பார்ப்பதற்கு ஈடாக வேறெதுவும் இல்லை.

காலின் பழக்கம்

ஓடிக்கொண்டே பந்தயத்தைத் தொடங்கும் ரோலிங் ஸ்டார்ட்டில் வளர்ந்தவருக்கு, நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது கிளட்ச் பிடிக்கும் புள்ளி எங்கே என்பது கையில் படிந்திருக்காது. இதைத் தனியாகப் பயிற்சி செய்ய வேண்டும். பதற்றத்தில் கை பழைய காரின் பட்டனைத் தேடிப் போவதும் உண்டு, புது வீட்டில் கரண்ட் போனதும் பழைய வீட்டுச் சுவரில் டார்ச் தேடுகிற மாதிரி.

பிரேக் இன்னும் நுணுக்கம். காற்றழுத்தம், அதாவது காற்று காரைக் கீழே அழுத்தும் விசை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும்: மணிக்கு 280 கிலோமீட்டரிலிருந்து 140-க்கு இறங்கினால் தரையோடு அழுத்தும் விசை நாலில் ஒரு பங்காகிவிடும். அதனால் இறக்கை வைத்த காரில் முதல் கணத்திலேயே பெடலை முழு பலத்தோடு மிதித்து, வேகம் குறையக் குறைய அழுத்தத்தைத் தளர்த்திக்கொண்டே வர வேண்டும். கடைசிவரை ஒரே அழுத்தத்தில் மிதித்தால் டயர் சுழலாமல் பூட்டிக்கொள்ளும். நாஸ்கார் தொடரில் ஓடும் ஸ்டாக் காரில் கதை வேறு. காரின் எடை அதிகம், காற்றழுத்தம் குறைவு. அங்கே பல ஆண்டு பழகிய கால் முதல் மிதியில் தயங்கும். அந்தத் தயக்கத்தில் ஒவ்வொரு வளைவிலும் சில மீட்டர் போய்விடும். ஏழு முறை நாஸ்கார் சாம்பியனான ஜிம்மி ஜான்சன் 2021-இல் இண்டிகாருக்கு வந்தபோது அந்த ஆண்டில் எந்தப் பந்தயத்திலும் அவரால் 17-ஆம் இடத்துக்கு மேல் ஏற முடியவில்லை.

அவர் திட்டத்திலேயே ஒரு முரண் இருந்தது என்பது எங்கள் கருத்து. ஓவலில், அதாவது முட்டை வடிவத் தடத்தில், பேரெடுத்தவர் முதல் ஆண்டு ஓவல்களை விட்டுவிட்டு, சாலைத் தடங்களையும் தெருத் தடங்களையும் மட்டும் எடுத்துக்கொண்டார். பாதுகாப்பு குறித்த தயக்கம் புரிகிறது. ஆனால் மறு ஆண்டு ஓவல்களில் இறங்கியதும் ஐயோவாவில் ஐந்தாம் இடம் வந்தார். இதற்கு மாறாக, ஃபார்முலா ஒன்னிலிருந்து வந்த ரோமன் கிரோஷான் 2021-இல் தனக்குப் பழகிய வகைத் தடங்களில் தொடங்கினார், அவற்றில் போல் பொசிஷனும் (தகுதிச் சுற்றில் முதலிடம்) எடுத்தார், பிறகே ஒரு ஓவலைத் தொட்டார். வரிசை என்றால் இதுதான் சரியான வரிசை.

ஃபார்முலா ஒன்னிலிருந்து இண்டிகார் போகிறவர்கள் மறக்கும் இரண்டு விஷயங்கள் உண்டு. அங்கே பவர் ஸ்டியரிங் கிடையாது. முன்கைக்கும் தோளுக்கும் மாதக்கணக்கில் முன்பே பயிற்சி தேவை. டயரைச் சூடாக்கும் போர்வையும் கிடையாது. பிட்டிலிருந்து வெளியே வரும் முதல் சுற்றில் குளிர்ந்த டயரை நம்பி ஆக்சிலரேட்டரை மிதித்தால் கார் சுழன்றுவிடும்.

ஓவலில் கையால் சமாளிக்கப் பார்ப்பது

சாதாரணத் தடத்தில் பின்பக்கம் நழுவினால் எதிர்ப்பக்கம் திருப்பிக் காப்பாற்றுவார்கள். ஓவலில் அதே வேலையைச் செய்தால், டயருக்குப் பிடி திரும்பும் கணத்தில் கார் திருப்பிய பக்கமே பாய்ந்து மூக்கால் சுவரில் மோதும். அதனால் முன்பக்கம் சற்றுக் குறைவாகத் திரும்பும் அமைப்போடு ஆரம்பிக்க வேண்டும். டயர் தேயத் தேய, காக்பிட்டிலிருந்தே வெயிட் ஜாக்கரையும் (சக்கரங்கள் மேல் விழும் எடையை மாற்றுவது) ஆன்டி ரோல் பாரையும் (கார் பக்கவாட்டில் சாய்வதைக் கட்டுப்படுத்துவது) கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி வர வேண்டும். பின்பக்கம் தளர்கிறது என்று தோன்றினால் அணியிடம் உடனே சொல்லிவிட வேண்டும், அதில் வீரம் காட்ட ஒன்றுமில்லை.

மான்செலும் இதற்கு விலை கொடுத்தவர்தான். ஃபீனிக்ஸ் ஓவலில் பயிற்சியின்போதே சுவரில் மோதி முதுகில் அடிபட்டு, அந்தப் பந்தயத்தையே தவறவிட்டார். அதே ஆண்டு இண்டியானாபொலிஸ் 500 என்ற பெரிய ஓவல் பந்தயத்தில் முன்னணியில் இருந்தபோது, மெதுவாக ஓடிய கார்கள் மறுபடி வேகமெடுக்கும் கடைசிக் கட்ட ரீஸ்டார்ட்டில் எமர்சன் ஃபிட்டிபால்டியும் ஆரி லைண்டைக்கும் அவரைத் தாண்டிப் போனார்கள். மூன்றாம் இடம்தான் கிடைத்தது. எப்போது ஆக்சிலரேட்டரை மிதிப்பது என்பது அங்கே தனிக் கலை. ஆனால் அந்த ஆண்டு மான்செலின் ஐந்து வெற்றிகளில் நான்கு ஓவலில் வந்தவை.

அணியின் வீட்டுப்பாடம்

ஓட்டுநர் கற்றுக்கொண்டாலும் அணி கற்றுக்கொள்ளாவிட்டால் பயனில்லை. 2017 இண்டியானாபொலிஸில் ஃபெர்னாண்டோ அலோன்சோ அனுபவமுள்ள ஆண்ட்ரெட்டி அணியோடு சேர்ந்து ஐந்தாவதாகத் தகுதி பெற்றார், என்ஜின் போகும்வரை 27 சுற்றுகள் முன்னணியிலும் இருந்தார். 2019-இல் மெக்லாரன் தானே அணியைக் கட்டியது. முதல் டெஸ்டுக்கு ஸ்டியரிங் வீலே தயாராக இல்லை. அங்குலத்தை மெட்ரிக் அளவுக்கு மாற்றியதில் பிசகு வந்து கார் தரையில் உரசியது. கியர் விகிதமும் தப்பு. முடிவில் மணிக்கு 0.019 மைல் வித்தியாசத்தில், சிறிய ஜுன்கோஸ் அணியின் கைல் கைசரிடம் அலோன்சோ பந்தயத்துக்குத் தகுதி பெறும் கடைசி இடத்தைப் பறிகொடுத்தார். நீங்கள் கையெழுத்திடப்போகிற அணி இந்தத் தொடரில் இதுவரை எத்தனை பந்தயம் ஓடியிருக்கிறது என்று கேளுங்கள்.

லைசென்ஸை மறப்பது

ஃபார்முலா ஒன்னுக்கு சூப்பர் லைசென்ஸ் வேண்டும். அதற்கு மூன்று சீசன்களில் 40 புள்ளி சேர வேண்டும். 2022-இல் இருந்த கணக்கில் இண்டிகார் சாம்பியனுக்கு 40, இரண்டாமிடத்துக்கு 30, மூன்றாமிடத்துக்கு 20, நான்காமிடத்துக்கு 10. ஃபார்முலா ஒன்னுக்கு அடுத்த படியான ஃபார்முலா டூவிலோ முதல் மூன்று இடங்களுக்கும் ஆளுக்கு 40. இந்த ஏற்றத்தாழ்வு நியாயமா என்பது வேறு வழக்கு. 2022-இல் ஃபார்முலா ஒன் அணியான ஆல்ஃபாடவ்ரியின் இருக்கைக்குப் பேசப்பட்ட கோல்டன் ஹெர்ட்டா, இண்டிகாரில் பந்தயங்களை வென்றவராக இருந்தும், புள்ளி போதாமல் நின்றுவிட்டார். பேச்சுவார்த்தை தொடங்குமுன் முந்தைய மூன்று சீசன் புள்ளிகளைக் கூட்டிப் பாருங்கள். ஓரிரண்டு குறைந்தால், வெள்ளிக்கிழமை முதல் பயிற்சி அமர்வில் 100 கிலோமீட்டர் தவறின்றி ஓட்டி ஒவ்வொரு புள்ளியாகச் சேர்க்க வழி இருக்கிறது. பத்துக்கு மேல் குறைந்தால் அந்த வழி எட்டாது.