பீர் காய்ச்சும் முன் ஈஸ்ட்டை எழுப்புங்கள்

வீட்டில் பீர் காய்ச்சத் தொடங்குபவர்கள் மால்ட்டையும் (முளைகட்டி உலர்த்திய பார்லி) ஹாப்ஸையும் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) தேடித்தேடி வாங்குகிறார்கள். ஈஸ்ட்டை மட்டும் கடைசி நிமிடத்தில் கொட்டிவிடுகிறார்கள். மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து வடித்த இனிப்புச் சாற்றைப் பீராக்குவதே அந்த ஈஸ்ட்தான். (நான் வசிக்கும் இங்கிலாந்தில் 1963 முதல் சொந்த உபயோகத்துக்குக் காய்ச்ச உரிமம் தேவையில்லை, விற்கத்தான் கூடாது. தமிழ்நாட்டில் உரிமமின்றிக் காய்ச்சுவது குற்றம்.)

20 லிட்டர் ஏல் வகைப் பீருக்கு 11 கிராம் உலர் ஈஸ்ட் பாக்கெட் ஒன்று போதும். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து எழுப்பிய பிறகு சாற்றில் சேர்ப்பது எப்படி என்று பார்ப்போம்.

முதலில் டம்ளர், கரண்டி, கத்தரிக்கோல், பாக்கெட்டின் வெளிப்புறம் எல்லாவற்றையும் கிருமிநாசினிக் கரைசலில் நனைத்தெடுங்கள்.

அடுத்து தண்ணீர். ஈஸ்ட்டைப் போல் பத்து மடங்கு, அதாவது 110 மில்லி. குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்து, மூடி, 30 முதல் 35 டிகிரி செல்சியஸுக்கு ஆறவிடுங்கள். விரல் விட்டுப் பார்த்தால் போதாது, தெர்மாமீட்டர் வேண்டும். 40ஐத் தாண்டினால் ஈஸ்ட்டுக்கு ஆபத்து.

ஆப்பத்துக்கும் ரொட்டிக்கும் ஈஸ்ட் கரைத்துப் பழகிய கை சர்க்கரை டப்பாவைத் தேடும். வேண்டாம். உலர்ந்த செல்லின் சவ்வு நனையும் முதல் சில நிமிடங்களில், எதை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்ற கட்டுப்பாடு அதற்கு இருக்காது. அந்த நேரத்தில் சர்க்கரைச் செறிவு அதை வதைக்கும். வெறும் தண்ணீர்தான் இதம்.

ஈஸ்ட்டை நீரின் மேல் பரவலாகத் தூவி, 15 நிமிடம் தொடாதீர்கள். பழுப்பு மணிகள் ஈரம் குடித்து உப்பி, கரைந்து, பாலேடு போல் கீழிறங்கும். பிறகு மெதுவாகக் கலக்கி, இன்னும் 5 நிமிடம் விடுங்கள். நுரை வரவில்லையே என்று பயப்பட வேண்டாம். தின்ன ஒன்றும் கொடுக்காதபோது நுரை எப்படி வரும்?

இனி வருவதுதான் பலரும் தாண்டிப்போகும் படி. டம்ளரில் 32 டிகிரி, மால்ட் சாற்றில் 18 டிகிரி என்றால் அப்படியே ஊற்றாதீர்கள். நான் ஒருமுறை ஊற்றிவிட்டு, முதல் குமிழியைப் பார்க்க இரண்டு நாள் காத்துக்கிடந்தேன். ஆறிய சாற்றில் ஒரு கரண்டி எடுத்து டம்ளரில் விட்டு, 5 நிமிடம் பொறுத்து, மறுபடி ஒரு கரண்டி விடுங்கள். வேறுபாடு 10 டிகிரிக்குள் வந்ததும் நொதிக்கும் பாத்திரத்தில் ஊற்றலாம்.

சில ஈஸ்ட் வகைகளை நேரடியாகவே தூவலாம் என்று பாக்கெட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள். அப்படியிருந்தால் அதன்படியே செய்யுங்கள். கரைத்திருந்தால், டம்ளரின் அடியில் ஒட்டியிருப்பதையும் கொஞ்சம் சாறு விட்டு அலசி ஊற்றிவிடுங்கள்.