ரசாயன இருப்பு அறிக்கையில் கணக்கு உதைத்தபோது
எங்கள் கிடங்கின் இருப்பு அறிக்கையில் கந்தக அமிலத்தின் அளவு ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி வந்தது. கொள்முதல் பதிவு லிட்டரில், படிவம் கேட்பதோ கிலோவில். 98 சதவீத அமிலம் லிட்டருக்குச் சுமார் 1.84 கிலோ என்பதால் 200 லிட்டர் பேரல் ஒன்றே 368 கிலோ ஆகிவிடும். இந்த அடர்த்தி, தயாரிப்பாளர் பொருளோடு தரும் பாதுகாப்புத் தரவுத் தாளின் 9ஆம் பிரிவில் இருக்கிறது. 3ஆம் பிரிவில் கலவை விகிதமும், ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணான சிஏஎஸ் எண்ணும். வணிகப் பெயர்களை விட்டுவிட்டு அந்த எண்ணை வைத்தே பட்டியலைத் தொகுத்தேன், பல பெயர்களில் கிடந்தது ஒரே பொருள்தான்! அப்புறம் ஃபோர்க்லிஃப்ட் பேட்டரிக்குள் இருக்கும் அமிலம், அது யார் கண்ணிலும் படுவதில்லை, எங்களுக்குப் பொருந்தும் விதிப்படி அதுவும் கணக்கில் சேரும். விதி சொல்லும் வரம்போடு ஒப்பிட்டது ஆண்டு முழுக்க வாங்கியதை அல்ல, ஒரே நேரத்தில் இருந்த அதிகபட்ச அளவை.