மாவு கிரைண்டருக்கு ஒரு ஸ்டாண்ட்: பட்டறை வேலைக்குப் புதியவர்களுக்கான செய்முறை

எங்களைப் போன்ற சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறைக்கு வருகிற வேலைகள் பெரும்பாலும் கடையில் அளவு கிடைக்காதவை. மாடிப்படிக்கு அடியில் பொருந்துகிற அலமாரி, உயரம் கூட்டிய தையல் மெஷின் மேசை, வாசல்படியில் சக்கர நாற்காலி ஏற ஒரு சரிவு. ஒவ்வொன்றும் ஒரு ஆளுக்கு, ஒரு இடத்துக்கு என்று செய்வது. இந்த வேலை பழக வருகிறவர்களுக்கு முதலில் நான் கொடுப்பது மாவு கிரைண்டர் ஸ்டாண்ட். கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு; இங்கே வீட்டுக்கு வீடு அது இருக்கிறது, அதைக் குனிந்து குனிந்து வழித்து முதுகு வலிக்கிறது என்பவர்களும் இருக்கிறார்கள். வேலை சின்னது. ஆனால் அளப்பது, அறுப்பது, டேக் அடிப்பது (துண்டுகள் நகராமல் இருக்க முதலில் புள்ளியாக மட்டும் பற்றவைப்பது), முழுதாகப் பற்றவைப்பது, பெயிண்ட் என்று எல்லாம் இதில் வந்துவிடும். கல் சுற்றும்போது அதிர்வு இருப்பதால் சட்டம் கோணியிருந்தால் உடனே ஆடிக் காட்டிவிடும்.

புதிதாக வருகிற எல்லோருக்கும் வெல்டிங் ராடைப் பிடிக்கத்தான் அவசரம். சட்டம் நேராக வருவதற்கு ராடைவிட அளக்கிற டேப்தான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். இந்தப் பதிவு முழுக்க அதைத்தான் சொல்லப்போகிறேன்.

1. முதலில் ஆளை அளந்துகொள்ளுங்கள்

கிரைண்டரை அளப்பதற்கு முன்னால் அதில் மாவு அரைக்கப்போகிறவரை அளக்க வேண்டும். வீட்டில் வெறுங்காலோடு நிற்கச் சொல்லி, கையை மடக்கினால் முழங்கை தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று பாருங்கள். கிரைண்டரின் வாய் அதிலிருந்து ஒரு நான்கு அங்குலம் கீழே இருந்தால் மாவைத் தள்ளிவிடவும் வழிக்கவும் தோள் தூக்க வேண்டாம், முதுகும் வளையாது. உதாரணத்துக்கு: முழங்கை 990 மி.மீ., அதில் நான்கு அங்குலத்துக்கு 100 கழித்தால் 890. டேபிள்டாப் கிரைண்டரின் உயரம் 290 என்றால் ஸ்டாண்ட் 600 மி.மீ. வேண்டும்.

கூடவே ஸ்டாண்ட் நிற்கப்போகிற இடத்தையும் பாருங்கள். பிளக் பாயிண்ட் எந்தப் பக்கம், தண்ணீர் போக தரை சரிவாக இருக்கிறதா, கதவு இடிக்குமா என்பதெல்லாம் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

2. காகிதத்தில் முடித்துவிடுங்கள்

வீட்டுக்காரர் அடியில் சொல்வார், தச்சர் நூல் கணக்கில் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) சொல்வார். நீங்கள் எல்லாவற்றையும் மி.மீ. ஆக்கி ஒரே தாளில் எழுதுங்கள். நம் ஸ்டாண்டின் 600 இப்படிப் பிரிகிறது: மேலே 20 மி.மீ. கடப்பா கல், காலுக்கு அடியில் 10 மி.மீ. ரப்பர், மீதி 570 இரும்புச் சட்டம். மேலே கல் வைப்பதற்குக் காரணம் அதன் எடை. அது அதிர்வை நன்றாக அடக்கும், தண்ணீர் பட்டாலும் பிளைவுட் போல ஊறாது.

25 × 25 மி.மீ. சதுர பைப்பில் அறுக்க வேண்டிய துண்டுகள்: மேல் சட்டத்துக்கு 450 நீளத்தில் நான்கு, முனைகள் 45 டிகிரி சாய்வு. கால் 545 நீளத்தில் நான்கு (570-இல் மேல் சட்டத்தின் 25 போக). கால்களுக்கு இடையே 400 நீளத்தில் குறுக்குக் கம்பிகள். கல்லுக்கு நடுவில் தாங்க 400-இல் இன்னொன்று.

இங்கேதான் தாளின் பயன் தெரியும். குறுக்குக் கம்பி நான்கு பக்கமும் வைத்தால் மொத்தம் 5980 மி.மீ. பைப் வருவது 6 மீட்டர், அதாவது 6000. கட்டிங் வீல் ஒவ்வொரு அறுப்புக்கும் மூன்று மி.மீ. வரை தின்னும். ஆக, ஒரு பைப்பில் அடங்குமா என்பது சந்தேகம். முன்பக்கக் கம்பியை எடுத்துவிட்டால் 5580 ஆகிவிடுகிறது, அறுப்பில் போவதையும் சேர்த்தால்கூட ஒன்றேகால் அடி மிச்சம். முன்பக்கம் திறந்திருந்தால் நிற்பவர் காலை உள்ளே விட்டு நெருங்கி நிற்கலாம் என்பதால் இது சிக்கனத்துக்காக மட்டும் செய்கிற மாற்றம் இல்லை. நல்ல டிசைன் பல நேரம் இப்படிக் கணக்குப் போடும்போதுதான் கிடைக்கிறது.

3. பைப் வாங்கும்போது

எம்.எஸ். பைப்பை (பூச்சு இல்லாத சாதாரண இரும்பு பைப்) எடை போட்டு விற்பார்கள். 2 மி.மீ. கனத்தில் 25 சதுர பைப் ஒரு நீளம் ஏறக்குறைய எட்டே முக்கால் கிலோ வர வேண்டும். ஏழு கிலோதான் காட்டினால் கையில் இருப்பது 1.6 மி.மீ. கனம். பழகாத கை மெல்லிய பைப்பில் எளிதாக ஓட்டை போட்டுவிடும் என்பதால் 2 மி.மீ. கேளுங்கள். கண்ணுக்கு அருகில் பிடித்து நீளவாக்கில் பார்த்து, வளைந்திருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசியது) வேண்டாம். பற்றவைக்கும்போது அதன் துத்தநாகப் பூச்சிலிருந்து வருகிற புகை காய்ச்சலைக் கொண்டுவரும்.

4. அறுப்பது

சாக்பீஸ் கோடு இரண்டு மி.மீ. தடிப்பாக விழும், அதனால் அளவைக் கூர்முனைக் கம்பியால் கீறுங்கள். கீறலின் எந்தப் பக்கம் வீல் ஓட வேண்டும் என்று ஒரு பெருக்கல் குறி போட்டு வையுங்கள். நான்கு கால்களையும் தனித்தனியாக டேப் வைத்து அளக்காதீர்கள். முதல் காலை அறுத்துச் சரிபார்த்து, மெஷினில் ஒரு ஸ்டாப்பர் கட்டி, மற்ற மூன்றையும் அதில் முட்ட வைத்து அறுங்கள். அளவு ஒரு மி.மீ. தப்பினாலும் நான்கும் ஒரே மாதிரி தப்பினால் ஸ்டாண்ட் ஆடாது.

இரும்பு அறுக்கிற, தேய்க்கிற கை கிரைண்டரின் கார்டை (வீலை மூடியிருக்கும் காப்புத் தகடு) கழற்றிவிட்டு வேலை செய்வதைப் பல இடங்களில் பார்க்கலாம். தயவுசெய்து செய்யாதீர்கள். நான்கு அங்குல மெஷின் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடுகிறது. உடைந்த வீலின் துண்டு முகத்துக்கு வருவதற்குள் நம்மால் விலக முடியாது. வீல் சுற்றுகிற நேர்கோட்டில் நிற்காதீர்கள். அறுக்கிற வீலைப் பக்கவாட்டில் வைத்துத் தேய்க்கவும் கூடாது.

5. மேல் சட்டம்: டேக் அடிப்பதும் மூலைவிட்டமும்

இந்தப் படியில் எவ்வளவு நேரம் போனாலும் பரவாயில்லை. சமதளமான மேசையில் நான்கு 450 துண்டுகளையும் சதுரமாக வைத்து, மூலைகளில் மூலமட்டம் (90 டிகிரி பார்க்கிற L வடிவக் கருவி) வைத்துப் பார்த்து, நகராமல் இறுக்கிப் பிடிக்கிற சி-கிளாம்ப் போடுங்கள். வெல்டிங் ராடு 6013 ரகம், 2.5 மி.மீ. தடிமன். கரண்ட் 60-இலிருந்து 75 ஆம்பியருக்குள். மிச்சத் துண்டில் முதலில் ஓட்டிப் பார்த்து, ஓட்டை விழாத அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். பருத்திச் சட்டை, தோல் கையுறை, மூடிய செருப்பு, முகக் கவசம் வேண்டும். ஒரு நொடிதானே என்று வெறும் கண்ணால் டேக் அடித்தால் அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, ராத்திரியில், கண்ணில் மணலைக் கொட்டியது போல உறுத்தும்.

ஒவ்வொரு மூலையிலும் மிளகு அளவுக்கு ஒரே ஒரு டேக். ஒரு மூலை அடித்ததும் அடுத்து அதற்கு எதிர் மூலை. அப்புறம் டேப்பை எடுத்து வெளி மூலையிலிருந்து எதிர் வெளி மூலைக்கு இரண்டு பக்கமும் அளங்கள். 450 சதுரத்துக்கு 636 வர வேண்டும். ஒன்று 639, இன்னொன்று 633 என்றால் நான்கு பக்கமும் சரியாக இருந்தாலும் அது சதுரம் இல்லை, சாய்ந்த கட்டம். நீளமாக வந்த மூலைவிட்டத்தின் ஒரு முனையை நிமிர்த்தி வைத்து, எதிர் முனையில் மரச் சுத்தியால் மெதுவாகத் தட்டுங்கள். ஒற்றை டேக் வளைந்துகொடுக்கும். திரும்ப அளங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு மி.மீ.க்குள் வந்த பிறகுதான் இரண்டாவது டேக்.

மூலமட்டம் ஒரு மூலையை மட்டும் காட்டும். மூலைவிட்டம் நான்கு மூலையையும் சேர்த்துச் சொல்லிவிடும். அதனால்தான் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன். நடுத் துண்டையும் இப்போதே வைத்து டேக் அடித்துவிடுங்கள்.

6. கால் நிறுத்துவது

சட்டத்தைக் கவிழ்த்துப் போட்டு, மூலைக்கு ஒன்றாகக் கால்களை நிறுத்துங்கள். உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும். டேக் எந்தப் பக்கம் விழுந்ததோ கால் அந்தப் பக்கம் சாயும். ஆகவே முதல் டேக் போட்டதும் மூலமட்டத்தை இரண்டு திசையிலும் வைத்துப் பார்த்து, நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு எதிர்ப் பக்கத்தில் அடுத்த டேக். பிறகு தரையிலிருந்து ஆறு அங்குல உயரத்துக்கு வருகிற மாதிரி மூன்று குறுக்குக் கம்பிகள். அவை சும்மா வைத்தாலே உட்கார வேண்டும். சுத்தியால் அடித்துத்தான் நுழைகிறது என்றால் கால் உள்ளே சாய்ந்திருக்கிறது. கடைசியில் கால் நுனிகளிலும் மூலைவிட்டம் பாருங்கள், அங்கேயும் அதே 636.

7. முழு வெல்டிங்

ஒரு மூலையை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். ஒரு முகம் போட்டதும் எதிர் மூலைக்குப் போங்கள், இது ஆறட்டும். ஸ்டாண்டைத் திருப்பித் திருப்பிப் போட்டு, ஒவ்வொரு இணைப்பும் மேலே பார்த்தபடி இருக்கும்போது ஓட்டினால் புதியவர்களுக்குச் சுலபம். வெல்டின் மேல் படிகிற கசடைத் தட்டி எடுத்துவிட்டு உற்றுப் பாருங்கள். ஊசித் துளைகள் தெரிந்தால் அங்கே தேய்த்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

8. தேய்ப்பது, பெயிண்ட்

கல் உட்காருகிற மேல் முகத்தை மட்டும் மட்டமாகத் தேய்த்தால் போதும். உள் மூலைகளில் நிற்கிற வெல்டைத் தேய்த்துவிட்டால் அழகு கூடும், வலு குறையும். தின்னர் தோய்த்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கை, காய்ந்ததும் எனாமல் இரண்டு கை. பவுடர் கோட்டிங் (பெயிண்ட் தூளைத் தெளித்து அடுப்பில் சூடாக்குவது) கொடுப்பதாக இருந்தால் சாதாரண புட்டி வைக்காதீர்கள், 200 டிகிரி சூட்டு அடுப்பில் அது நிற்காது.

9. வீட்டில் வைத்துப் பார்ப்பது

காலில் ரப்பர் புஷ் மாட்டி, கல்லுக்கு அடியில் கொஞ்சம் சிலிக்கோன் தடவி உட்கார வையுங்கள். சிலிக்கோன் நன்றாகப் பிடிக்க ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் ஊறவைத்த அரிசியைப் போட்டு அவரையே அரைக்கச் சொல்லுங்கள். வெறும் கல் ஓடுவதும் மாவோடு ஓடுவதும் வேறு வேறு. கை மேலே தூக்குகிறது என்று சொன்னால் காலில் ஒரு அரை அங்குலம் குறைத்துத் தரலாம். உயரம் பற்றவில்லை என்றால் தடித்த ரப்பர் போடலாம். காலைக் குறைத்தால், அறுத்த இடத்தில் பிரைமர் தொட்டுவிட மறக்காதீர்கள், தரையில் தண்ணீர் நிற்கிற இடத்தில்தான் துரு முதலில் பிடிக்கும்.