சிங்கப்பூரில் சுயேச்சை ராக் பேஸ் கலைஞராக நிலைப்பது எப்படி

இங்கே ராக் குழு தொடங்கும் இளையர்கள் பெரும்பாலும் பதினாறு, பதினேழு வயதில் தொடங்குகிறார்கள். பதினெட்டைத் தாண்டியதும் பையன்கள் ஒருவர்பின் ஒருவராகத் தேசிய சேவைக்குச் செல்கிறார்கள். முழுநேரச் சேவை இரண்டு ஆண்டுகள் நீடிக்கிறது. டிரம்மர் வெளியே வரும் நேரத்தில் கிட்டார் வாசித்தவர் உள்ளே போகிறார், பாடியவர் படிப்புக்காக வெளிநாடு கிளம்பிவிடுகிறார். நான் வாசித்த முதல் இரண்டு குழுக்களும் இப்படித்தான் கலைந்தன. பேஸ் கிட்டாரை வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள நினைப்பவரிடம் அதனால்தான் நான் முதலில் ஒன்றைச் சொல்வேன்: எந்த ஒரு குழுவின் ஆயுளோடும் உங்கள் தொழிலைக் கட்டிப்போடாதீர்கள். உங்கள் மனத்துக்கு உகந்த குழு ஒன்று இருக்கட்டும், அதற்கு முழு அன்பையும் கொடுங்கள். ஆனால் அது நின்றுபோகும் நாளிலும் உங்கள் கைபேசி ஒலித்துக்கொண்டிருக்கும்படி வேலையை அமைத்துக்கொள்ளுங்கள்.

அது நடக்கக்கூடிய காரியம்தான். கிட்டார் வாசிப்பவர்கள் ஏராளம், பேஸை விரும்பி எடுத்து ஒழுங்காக வாசிப்பவர்கள் குறைவு. நம்பகமான ஒருவரை மூன்று நான்கு குழுக்கள் பகிர்ந்துகொள்வது இங்கே வழக்கமாகவே இருக்கிறது. குழுவின் அடித்தளத்தில் இருப்பவர் எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கலாம் என்பதற்கு ருத்ரா நல்ல சான்று. 1992இல் தொடங்கிய அந்தச் சிங்கப்பூர் மெட்டல் குழுவில் கிட்டார் கலைஞர்கள் பலமுறை மாறியிருக்கிறார்கள். பாடிக்கொண்டே பேஸ் வாசிக்கும் கதிரும் டிரம்ஸ் வாசிக்கும் சிவாவும் தொடக்கக் காலத்திலிருந்தே குழுவின் முதுகெலும்பாக இருந்துவருகிறார்கள். வேதாந்தக் கருத்துகளையும் சமஸ்கிருதச் சுலோகங்களையும் டெத் மெட்டலோடு இணைத்து அவர்கள் உருவாக்கிய இசை ‘வேத மெட்டல்’ என்று வெளிநாட்டு ரசிகர்களிடமும் பெயர்பெற்றது. தமிழ் இளையர் ஒருவர் கனமான ராக் இசையை வாசித்தால் கேட்க ஆள் இருக்குமா என்று தயங்குவோருக்கு இந்த ஓர் உதாரணமே போதும் என்று நினைக்கிறேன்.

திறமையைப் பொறுத்தவரை, வேகமான விரல்களைவிட நிதானமான கால அளவுதான் உங்களுக்கு மறுபடியும் அழைப்பு வரச் செய்யும். எனக்குப் பழக்கித் தந்த மூத்த டிரம்மர் ஒருவர், “தம்பி, என் வலது கால் எங்க விழுதுன்னு கேளு, மத்ததெல்லாம் அப்புறம்” என்பார். வலது காலால் அடிக்கும் பேஸ் டிரம்மின் அடியும் உங்கள் கம்பியின் ஒலியும் ஒரே கணத்தில் எழுந்தால் கேட்பவர் அவற்றை இரண்டாகப் பிரித்துக் கேட்பதில்லை. சற்றே விலகினாலும் பாட்டு முழுவதும் தளர்ந்துவிடுகிறது. தாள அளவைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடியில் வைத்து, அதன் ஒலியை இரண்டாம், நான்காம் அடிகளாக எண்ணிக்கொண்டு, ஒரே சுரத்தைப் பத்து நிமிடம் வாசித்துப் பதிவுசெய்து கேட்டுப் பாருங்கள். சுரத்தை எப்போது தொடங்குகிறீர்கள் என்பதைப் போலவே எப்போது நிறுத்துகிறீர்கள் என்பதும் அந்தப் பதிவில் வெளிப்படும். பெரும்பாலானோர் தவறுவது நிறுத்துமிடத்தில்தான்.

இந்தப் பயிற்சியை வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீட்டில் செய்ய வேண்டியிருப்பது நம் ஊருக்கே உரிய சிக்கல். தாழ்ந்த ஒலி காற்றில் மட்டும் பரவுவதில்லை; ஆம்ப்ளிஃபையர் தரையில் நின்றால் கான்கிரீட் வழியாகவும் அது மேல்மாடிக்கும் கீழ்மாடிக்கும் சென்றுவிடுகிறது. கதவைச் சாத்துவதால் பயன் மிகக் குறைவு. இரவு 10.30 மணி முதல் காலை 7 மணி வரை அமைதி காக்கும்படி வீவக அறிவுறுத்துகிறது. என் கருத்தில் பகலிலும்கூட வீட்டில் ஆம்ப்ளிஃபையரைத் தவிர்ப்பதே அண்டை வீட்டாரோடு நல்லுறவைக் காக்கும். ஹெட்ஃபோன் ஆம்ப் ஒன்றை வாங்கிக்கொண்டு தனிப்பயிற்சியை வீட்டிலும், குழுவாக வாசிப்பதை மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ஜாமிங் ஸ்டூடியோவிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டூடியோவுக்குள் நுழைந்த பிறகு பாட்டைக் கற்றுக்கொள்பவர் மற்ற எல்லாருடைய பணத்தையும் சேர்த்தே செலவழிக்கிறார். ஆகவே பாட்டை வீட்டிலேயே கற்று முடித்துவிட்டுச் செல்லுங்கள்.

கருவிக்கு முதலில் பெருந்தொகை போட வேண்டாம். 1951இல் ஃபெண்டர் நிறுவனம் வெளியிட்ட பிரிசிஷன் பேஸும் 1960இல் வந்த ஜாஸ் பேஸும்தான் இன்றைய பெரும்பாலான பேஸ்களுக்கு முன்மாதிரி. அந்த இரண்டு வடிவங்களில் நன்றாகச் செய்யப்பட்ட எந்தக் கருவியும் எந்த ராக் மேடைக்கும் ஏற்றது. கோல்மன் ஸ்திரீட்டில் உள்ள பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் சில இசைக்கருவிக் கடைகளில் ஏறி இறங்கி, ஒவ்வொன்றையும் தோளில் மாட்டி, நின்றபடி வாசித்துப் பார்த்துவிட்டுப் பிறகு பழைய பொருள்களை விற்கும் கரோசல் இணையத்தளத்தில், பிறர் பயன்படுத்திய அதே வகைக் கருவியைத் தேடலாம். வழக்கமான கம்பி நீளம் 34 அங்குலம். கை சிறிதாக இருப்பவர்கள் 30 அங்குலக் கருவியைத் தயக்கமின்றி எடுத்துக்கொள்ளலாம், அதில் குறைவொன்றும் இல்லை. நமது ஈரப்பதம் மரத்துக்கு உகந்ததன்று என்பதை மறந்துவிடாதீர்கள். குளிரூட்டப்பட்ட ஸ்டூடியோவிலிருந்து திறந்தவெளி மேடைக்குச் செல்லும் கருவியின் சுருதி சில நிமிடங்களிலேயே மாறக்கூடும். கழுத்துப் பகுதி நாளடைவில் வளையவும் கூடும். மேடைக்கு அரைமணி நேரம் முன்பே கருவியை உறையிலிருந்து வெளியே எடுத்து அந்தக் காற்றுக்குப் பழக விடுங்கள். கழுத்தின் வளைவைச் சரிசெய்ய அதனுள் இருக்கும் உலோகத் தண்டான டிரஸ் ராடைத் திருத்தக் கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் ஒரு நேரத்தில் கால்பங்கு சுற்றுக்கு மேல் திருகாதீர்கள்.

மேடை ஒலியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல கலைஞர்கள் பலர் இங்கேதான் சரிகிறார்கள். பேஸின் மிகத் தாழ்ந்த கம்பி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அந்த ஒலி அலையின் நீளம் எட்டு மீட்டருக்கும் சற்று அதிகம். இங்குள்ள சிறிய அரங்குகள் சிலவற்றின் அகலமே அவ்வளவு இருக்காது. ஆகவே ஆம்ப்ளிஃபையரின் அருகில் நிற்கும் உங்களுக்கு ஒலி போதாதது போலத் தோன்றும். பின்சுவரோரம் நிற்பவருக்கோ மார்பு அதிரும். அந்த நேரத்தில் தாழ்ந்த ஒலிக் குமிழைக் கூட்டினால் பாட்டு குழம்பிப் போகும். அதைச் சற்றுக் குறைத்து, நடு ஒலியை உயர்த்துங்கள். உங்கள் சுரங்கள் உங்களுக்கும் கேட்கும், கிட்டாருக்கும் டிரம்முக்கும் நடுவில் தெளிவாகவும் நிற்கும். இன்னொரு விஷயம் மின்சார இரைச்சல். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடுகிறது; தாழ்ந்த கம்பியின் மூன்றாம் ஃபிரெட்டில் கிடைக்கும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். இணைப்பு சரியில்லாத மேடையில் எழும் இரைச்சல் உங்கள் ஜி சுரத்தோடு உரசி அதைத் தடுமாறச் செய்யும். கேட்பவர் கருவியின் சுருதியில்தான் பிழை என்று நினைத்துக்கொள்வார். கருவியின் ஒலியை அரங்கின் ஒலியமைப்புக்கு அனுப்புவதும், அந்த ஒலி இணைப்பின் நிலத்தொடர்பைத் துண்டிக்கும் விசையுள்ளதுமான டிஐ பெட்டி ஒன்றைச் சொந்தமாக வைத்திருப்பது இதனால்தான் அவசியம். ஒலிப் பொறியாளரிடம் பணிவாகப் பேசி, சோதனையின்போது நிகழ்ச்சியில் வாசிக்கப்போகும் அதே அழுத்தத்தில் வாசித்துக் காட்டுங்கள். உங்கள் கருவிக்குள் ஒன்பது வோல்ட் மின்கலம் இருந்தால், மாற்று ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும். இரண்டாவது பாட்டின் நடுவில் என் ஒலி மங்கி அணைந்த ஒரு மாலையில், மாற்று மின்கலம் என்னிடம் இல்லை. நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, குழு என்னையின்றி அந்தப் பாட்டை முடித்தது.

செவியையும் பாதுகாத்துக்கொள்ளுங்கள். 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் கேட்பதே எல்லை என்று கொண்டால், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது. 100 டெசிபலில் அது வெறும் பதினைந்து நிமிடம். டிரம்மின் அருகில் நிற்பதுதான் நம் வேலை என்பதால் இசைக்கலைஞர்களுக்கான செவியடைப்பான்களை முதல் நாளிலிருந்தே பயன்படுத்துங்கள்.

வாய்ப்புகளைத் தேடும் முறைக்கு வருவோம். எஸ்பிளனேட் கலையரங்கம் 2002 முதல் நடத்திவரும் பேபீட்ஸ் இசை விழா, புதிய குழுக்களைத் தேர்வுச் சுற்றின் வழி தெரிந்தெடுத்து மூத்த கலைஞர்களின் வழிகாட்டலுடன் மேடையேற்றுகிறது. சொந்தப் பாடல்கள் வைத்திருக்கும் குழு அதற்கு விண்ணப்பிக்காமல் இருக்கக் கூடாது. சிறிய அரங்குகளை மட்டும் நம்ப முடியாது. 1990இல் நாடகாசிரியர் குவோ பாவ் குன் தொடங்கிய சப்ஸ்டேஷன் கலை மையம், பல தலைமுறைக் குழுக்களுக்கு முதல் மேடையாக இருந்தும் 2021இல் ஆர்மீனியன் ஸ்திரீட் கட்டடத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. ஆகவே இடங்களைவிட மனிதர்களோடு உறவு வைத்துக்கொள்ளுங்கள்: டிரம்மர்கள், ஒலிப் பொறியாளர்கள், ஸ்டூடியோ நடத்துபவர்கள். பேஸ் கலைஞர் திடீரென்று வர இயலாதபோது டிரம்மரிடம்தான் முதலில் கேட்பார்கள்.

தமிழ் மேடையையும் ராக் கலைஞர்கள் ஒதுக்க வேண்டாம். தீபாவளியையொட்டிய சமூக மன்ற நிகழ்ச்சிகளிலும் திருமண விருந்துகளிலும் மெல்லிசைக் குழுக்களுக்குப் பேஸ் தேவைப்படுகிறது, ஊதியமும் பெரும்பாலும் ராக் மேடையைவிட நன்றாகவே இருக்கிறது. எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து வந்த தமிழ்த் திரைப்பாடல்கள் பலவற்றில் பேஸ், மூலச் சுரத்தோடு நின்றுவிடாமல், பாடகரின் மெட்டுக்கு எதிர்மெட்டாகத் தனியே நடந்துசெல்கிறது. அவற்றைக் காதால் கேட்டு எழுதிப் பழகிய பிறகே எனக்கு ராக் பாட்டுகளில் வாசிப்பதற்கும் சொந்தமாக ஏதோ கிடைத்தது. இதை உள்ளூர் ராக் நண்பர்களிடம் எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படாதீர்கள். தொகை, நேரம், ஒத்திகைகளின் எண்ணிக்கை, பணம் தரும் நாள், நிகழ்ச்சி ரத்தானால் என்ன செய்வது என்ற ஐந்தையும் எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும். ஓர் ஏற்பாட்டாளர் எனக்குத் தர வேண்டிய தொகையை ஐந்து மாதம் இழுத்தடித்தார். எல்லாம் தொலைபேசியில் பேசியதுதான் என்பதால் காட்டுவதற்கு என்னிடம் எதுவும் இருக்கவில்லை. எழுத்து இருந்தால், 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை, வழக்கறிஞர் இல்லாமலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குக் கொண்டுசெல்ல முடியும். சுயதொழில் செய்பவர் என்ற முறையில் வரவுசெலவுக் கணக்கை ஐந்து ஆண்டுகளுக்கு வைத்திருக்க வேண்டும். ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவுக்குச் சந்தா செலுத்த வேண்டும். கம்பி, ஸ்டூடியோ வாடகை என்று ஒவ்வொரு ரசீதையும் அன்றன்றே படம் எடுத்து வையுங்கள். பெரும்பாலோர் பகல்வேலை பார்த்துக்கொண்டோ மாணவர்களுக்குக் கற்பித்தோதான் இதை நடத்துகிறார்கள், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

பாட்டு யாருக்குச் சொந்தம் என்பதைப் பதிவுசெய்யும் முன்பே முடிவுசெய்யுங்கள். குழுவில் எல்லாரும் சேர்ந்து உருவாக்கிய பாட்டு என்றால் பங்கு விகிதத்தை ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்திட்டு, 1987 முதல் இயங்கிவரும் காம்பஸ் சங்கத்தில் அதே விகிதப்படி பதிந்துகொள்ளுங்கள். பாட்டு பொதுவில் ஒலிக்கும்போது இசையமைத்தவருக்கும் எழுதியவருக்கும் சேர வேண்டிய தொகையை அந்தச் சங்கம் திரட்டித் தருகிறது. பிறர் இயற்றிய பாட்டுக்கு நீங்கள் ஒருநாள் ஊதியத்துக்கு வாசித்தால் அந்தப் பங்கு உங்களுக்கு வராது என்பதைத் தெரிந்துகொண்டு ஊதியத்தைச் சொல்லுங்கள். ஆனால் பாட்டின் போக்கையே உங்கள் பேஸ் வரி உருவாக்கியிருந்தால், அன்றைக்கே, எல்லாரும் மகிழ்ச்சியாக இருக்கும்போதே, பங்கைக் கேட்டுவிடுங்கள். 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த புதிய காப்புரிமைச் சட்டம், படைத்தவரும் வாசித்தவரும் பெயர் குறிப்பிடப்படும் உரிமையைத் தருகிறது. வெளியீட்டுக்கு முன் உங்கள் பெயர் சரியாக அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, உங்களுக்கும் மாற்றாள் தேவைப்படும் நாள் வரும். முழுநேரத் தேசிய சேவை முடிந்த பிறகும் ஆண்டுதோறும் முகாம் பயிற்சிக்கு அழைப்பு வரக்கூடும், அது எந்தக் கச்சேரித் தேதியையும் பார்த்து வருவதில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரே பக்கத்தில் சுருதி, வேகம், பகுதிகளின் வரிசை, எங்கே நிறுத்த வேண்டும், டிரம்மர் எந்த இடத்தில் சைகை தருவார் என்பவற்றை எழுதி, குழுவிலுள்ள எல்லாரும் திறக்கக்கூடிய கோப்பில் வையுங்கள். பாட்டு மாறும்போதெல்லாம் அந்தப் பக்கத்தையும் திருத்துங்கள். உங்களைவிட இளைய பேஸ் கலைஞர்கள் இருவரை அடையாளம் கண்டு ஓர் ஒத்திகைக்காவது அழைத்து உட்காரவையுங்கள். முகாமுக்குக் கிளம்பும் முந்தைய இரவு நான் எனக்குப் பதிலாக வாசிக்கப்போகும் இளையருக்கு அந்தக் கோப்பின் இணைப்பை அனுப்பிவிட்டு, டிரம்மரின் எண்ணையும் சேர்த்து அனுப்புவேன்.